எதிரணிப் பகுதியில் ஃபேஸ்ஆஃப்: சென்டர் மட்டும் ஜெயித்தால் போதாது

ஐஸ் ஹாக்கியில் நின்றுபோன ஆட்டம் மீண்டும் தொடங்குவது ஃபேஸ்ஆஃப் மூலம்தான். நடுவர் இரு அணிகளின் சென்டர்களுக்கு (நடு முன்கள வீரர்கள்) இடையே பக்கை, அதாவது ரப்பர் வட்டை, கீழே போட, இருவரும் ஸ்டிக்கால் அதற்குப் போட்டி போடுவார்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். ஆட்டம் ஒன்றில் இரு அணிகளுக்கும் சேர்த்து 50, 60 முறை இது நடக்கும். அவற்றில் எதிரணியின் கோலுக்கு அருகிலுள்ள இரண்டு வட்டங்களில் நடப்பவைதான் தாக்கும் அணிக்குப் பொன்னான நேரம். ஐந்து பேரும் சொல்லிவைத்த இடத்தில் நின்று, எதிராளிகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டுத் தாக்குதலைத் தொடங்குகிற வசதி ஓடும் ஆட்டத்தில் கிடைக்கவே கிடைக்காது. ஆனாலும் பல அணிகளின் திட்டம், "ஜெயித்தால் பின்னால் தள்ளு, தோற்றால் துரத்து" என்பதோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் குறைக்குக் காரணம், ஃபேஸ்ஆஃபை இரண்டு சென்டர்களின் தனிச் சண்டையாகப் பார்க்கும் பழக்கம். எண்களும் அந்தப் பழக்கத்துக்குத் துணை போகின்றன. பக் எந்த அணியின் வசம் வருகிறதோ, அந்த அணியின் சென்டர் கணக்கில் ஒரு வெற்றி ஏறும். இடையில் புகுந்து பக்கைப் பிடுங்கியவர் விங்கராக (பக்கவாட்டு முன்கள வீரராக) இருந்தாலும் பெயர் சென்டருக்குத்தான். சராசரி சென்டர் பாதி ஃபேஸ்ஆஃப்களை ஜெயிப்பார். இதில் பெயர் வாங்கிய, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட பேட்ரிஸ் பெர்ஜெரான் போன்றவர்கள்கூட ஒரு பருவம் முழுவதும் 60 சதவீதத்தை ஒட்டித்தான் நின்றார்கள். அதாவது உலகின் தலைசிறந்த சென்டரும் பத்தில் ஏறக்குறைய நான்கு முறை தோற்கிறார். அவர் ஜெயிக்கும் ஆறிலும் பக் நேராகத் தன் ஆளிடம் போய்ச் சேர்வது சில முறைதான். மீதி எல்லாம் இரண்டு ஸ்டிக்குகள் சிக்கி, பக் காலடியில் கிடக்கும் இழுபறி. அந்த இழுபறியைத் தீர்ப்பவர்கள் விங்கர்கள்.

ஆகவே ஃபேஸ்ஆஃப் திட்டம் என்றால் அதில் மூன்று பதில்கள் இருக்க வேண்டும். பக் சுத்தமாக நம்மிடம் வந்தால் என்ன, காலடியில் சிக்கினால் என்ன, எதிரணியிடம் போனால் என்ன. மூன்றுக்கும் ஐந்து பேரும் எங்கே ஓட வேண்டும் என்று பக் விழும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

களத்தின் அளவுகள்

என்.எச்.எல். ரிங்கில் கோல் கோட்டிலிருந்து ஃபேஸ்ஆஃப் புள்ளி 20 அடி தள்ளி இருக்கிறது. ரிங்கின் நீளவாக்கு மையத்திலிருந்து 22 அடி பக்கவாட்டில். எனவே புள்ளியிலிருந்து கோலின் நடுவுக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 30 அடி. வட்டத்தின் ஆரம் 15 அடி. வட்டத்தின் பின்விளிம்பில், சென்டருக்கு நேர் பின்னால் நிற்பவருக்குக் கோல் 41 அடி தூரம். புள்ளியிலிருந்து, தாக்குதல் பகுதியின் எல்லையான ப்ளூ லைனுக்கு 44 அடி. அங்கே பக்கச் சுவரை ஒட்டி நிற்கும் டிஃபென்ஸ்மேன் (பின்வரிசை வீரர்) நின்ற இடத்திலிருந்தே அடித்தால் 70 அடிக்கு மேல். அதே ஆள் ரிங்கின் நடுவுக்கு வந்து அடித்தால் 64 அடி, கோலின் முழு அகலமும் கண்ணுக்குத் தெரியும்.

வட்டத்தின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹாஷ் கோடுகள்தான் விங்கர்கள் நிற்கும் எல்லை. அந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரம் முன்பு 3 அடி. 2014-15 பருவத்தில் என்.எச்.எல். இதைச் சர்வதேச அளவான 5 அடி 7 அங்குலத்துக்கு மாற்றியது. இதனால் எதிரெதிரே நிற்கும் விங்கர்கள் தோளோடு தோள் நெருக்கி நிற்க முடியாமல் போனது. பக் விழுந்த பிறகு ஓடிவந்து இடம் பிடிப்பவருக்கே பலன் என்றானது. கால் வேகமான விங்கர் இருக்கும் அணிகளுக்கு இது வரம்.

யார் எந்தப் பக்கம் இழுப்பார்

சென்டருக்கு மிகவும் வலுவான இழுப்பு பேக்ஹேண்ட் இழுப்பு. இடது கையைக் கீழே வைத்து ஸ்டிக் பிடிக்கும் சென்டர், பிளேடின் பின்புறத்தால் பக்கைத் தனக்கு இடதுபுறமும் பின்புறமுமாக இழுப்பார். வலதுகைக்காரருக்கு இது அப்படியே வலதுபுறம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

தாக்கும் அணி கோலைப் பார்த்து நிற்கும்போது இடதுபுறம் உள்ள வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இடதுகை சென்டர் இழுத்தால் பக் சுவர்ப்பக்கப் பாயிண்டுக்கு (ப்ளூ லைன் அருகே டிஃபென்ஸ்மேன் நிற்கும் இடம்) போகும். பாதுகாப்பான இழுப்பு. ஆனால் அங்கிருந்து கோலுக்குக் கோணம் மோசம். அதே சென்டரை வலதுபுற வட்டத்தில் நிறுத்தினால் அவர் இழுப்பது ரிங்கின் நடுப்பக்கம் வரும். ஆபத்தும் கூடும், பலனும் கூடும்.

எதிரில் நிற்பவருக்கு இடம் வலமாக மாறுகிறது. நமக்கு இடதுபுற வட்டம் தற்காப்பவருக்கு வலதுபுறம். அங்கே இடதுகைத் தற்காப்பு சென்டர் தன் வலுவான இழுப்பைப் பயன்படுத்தினால் பக் தன் கோல்கீப்பரின் முன்னால் போகும். அதைத் தவிர்க்க அவர் ஃபோர்ஹேண்டில், அதாவது பிளேடின் முன்புறத்தால், சுவர்ப்பக்கம் தள்ளப் பார்ப்பார், அது பலவீனமான அசைவு. ஆகவே எதிரணியில் இடதுகை சென்டர் மட்டுமே களத்தில் இருந்தால், தாக்கும் அணி தன் இடதுபுற வட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

தேர்ந்தெடுக்க முடியுமா என்றால், சில தருணங்களில் முடியும். 2019-20 பருவத்திலிருந்து என்.எச்.எல். விதிப்படி, எதிரணி ஐசிங் (தன் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் மறுமுனைக் கோல் கோட்டைத் தாண்டுவது) செய்த பிறகும், பவர் பிளே (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் நேரம்) தொடங்கும்போதும் எந்தப் புள்ளி வேண்டும் என்பதைத் தாக்கும் அணியே சொல்லலாம். ஐசிங் செய்த அணி ஆட்களை மாற்றவும் கூடாது (2005-06 முதல்), டைம்அவுட் கேட்கவும் கூடாது (2017-18 முதல்). மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஐவர், அவர்களில் சென்டர் யார், எந்தக் கை என்பது வெளிச்சமாகத் தெரிகிற நிலை. தாக்கும் அணியோ புதிய ஐவரை இறக்கலாம். ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் தாக்குதல் ஃபேஸ்ஆஃப்களிலேயே அதிகம் மதிப்புள்ளவை இவைதான். இதற்கென்று தனி ஏற்பாடு வைத்திராத பயிற்சியாளர் கைக்கு வந்ததை நழுவ விடுகிறார்.

ஸ்டிக்கை முதலில் வைக்க வேண்டியவரும் தற்காப்பவரே. கோல் பக்கத்து வட்டங்களில் 2015-16 முதல் இதுதான் முறை. தாக்கும் சென்டர் எதிராளியின் கைப்பிடியைப் பார்த்துவிட்டுத் தன் பிளேடை வைக்கலாம். கீழ்க்கையைத் திருப்பி, விரல் முட்டிகள் மேல்நோக்கித் தெரியும்படி பிடித்திருந்தால் அவர் பலமாக இழுக்கப் போகிறார். அப்படிப்பட்டவரின் இழுப்போடு போட்டி போடாமல், முதல் அசைவில் அவர் பிளேடைத் தட்டிவிட்டு இரண்டாவது அசைவில் இழுப்பது பலிக்கும். அவர் ஸ்டிக்கின் தண்டைக் கீழிருந்து தூக்கிவிட்டுப் பக்கை வாரிக்கொள்வது இன்னொரு வழி. நம் சென்டரின் கைப்பிடியும் இதேபோல் ரகசியத்தை வெளியே சொல்லிவிடும். நேராக அடிக்கும் திட்டம் இருக்கும்போது மட்டும் கீழ்க்கையைச் சாதாரணமாக வைத்தால், கவனமான எதிராளி இரண்டே முறையில் கண்டுபிடித்துவிடுவார்.

சுத்தமாக வந்த பக்

எல்லோரும் ஆடும் அடிப்படை ஆட்டம் இது. சென்டர் பாயிண்டுக்கு இழுக்கிறார். உட்பக்க விங்கர் கோல் முன்னால் ஓடுகிறார். சுவர்ப்பக்க விங்கர் தன் எதிராளியின் பாதையில் நின்றுவிட்டு அடுத்ததாகக் கோல் பக்கம் போகிறார். பாயிண்ட் ஆள் பக்கை வாங்கி நடுப்பக்கம் நகர்ந்து அடிக்கிறார்.

இதில் எல்லாமே ஒரு விநாடிக் கணக்கு. உட்பக்க ஹாஷ் கோட்டிலிருந்து கோல்கீப்பரின் அரைவட்ட முகப்புக்கு 20 அடிக்குள்தான். பக் பாயிண்டை அடையும் நேரத்துக்குள் விங்கர் அங்கே போய்க் கீப்பரின் கண்ணை மறைத்து நிற்க முடியும். அதே ஒரு விநாடியில் தற்காப்பு அணியின் உட்பக்க விங்கர் வட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாயிண்டை நோக்கி வருவார். அவரைத் தாமதப்படுத்துவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி. அந்த வேலை சென்டருடையது. பக்கை இழுத்து முடித்தவுடன் திரும்பி வேடிக்கை பார்க்கும் சென்டர்களால்தான் பாதி பாயிண்ட் ஷாட்டுகள் எதிராளியின் முழங்காலில் பட்டு நிற்கின்றன. இழுத்த பிறகும் ஓர் எட்டு நகராமல் அதே இடத்தில் அகலமாக நின்றால் போதும், ஓடிவருபவர் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நின்ற இடம் ஆட்டக்காரருக்குச் சொந்தம் என்பது விதி. ஆனால் பக் இல்லாத எதிராளியின் பாதைக்குள் அடியெடுத்து வைத்துத் தடுத்தால் அது இன்டர்ஃபெரன்ஸ், 2 நிமிடத் தண்டனை. நிற்பதற்கும் நகர்வதற்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டைப் பயிற்சியில் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும். ஜெயித்த ஃபேஸ்ஆஃபைத் தண்டனையாக மாற்றிக்கொள்வதைவிட எரிச்சலான ஒன்று கிடையாது.

பாயிண்ட் ஆள் செய்யும் தவறு வேறு வகை. ப்ளூ லைனை ஒட்டியே நின்றால், துள்ளி வரும் பக் ஸ்டிக்கின் மேல் தாண்டி வெளியே போய்விடும், எல்லோரும் பகுதியைக் காலி செய்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். கோட்டிலிருந்து 4, 5 அடி உள்ளே நிற்பது நல்லது. பக்கை வாங்கியதும் நடுப்பக்கம் இரண்டு மூன்று எட்டு நகர்ந்து, பெரிய ஸ்லாப் ஷாட்டுக்குக் கை ஓங்காமல், மணிக்கட்டால் தாழ்வாக அடிக்க வேண்டும். வேகத்தைவிட, தடுக்கப்படாமல் கோல் வரை போய்ச் சேர்வது முக்கியம். தாழ்வான ஷாட் முன்னால் நிற்பவரின் ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறலாம், கீப்பரின் காலில் பட்டுத் தெறிக்கலாம். இரண்டுமே நமக்கு ஆதாயம்.

இன்னும் கூர்மையான ஆட்டம், ஷூட்டரைச் சென்டருக்குப் பின்னால் வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவது. பாயிண்டைவிட ஏறக்குறைய 30 அடி நெருக்கம், தற்காப்பவர் வந்து சேர நேரமே இல்லை. இதற்கு சென்டரும் ஷூட்டரும் எதிரெதிர் கைக்காரர்களாக இருப்பது மிகவும் உதவும். இடதுகை சென்டர் இடப்பக்கம் இழுக்கும் பக், வலதுகை ஷூட்டருக்கு அவருடைய வலதுபுறத்திலிருந்து வந்து சேர்கிறது. நெஞ்சு பக்கைப் பார்க்க, இடது தோள் கோலைப் பார்க்க, நிறுத்தாமல் அப்படியே ஒன்-டைமர் அடிக்கலாம். இடதுகை நிக்லஸ் பேக்ஸ்ட்ரோமும் வலதுகை அலெக்சாண்டர் ஓவெச்கினும் வாஷிங்டன் அணிக்கு எவ்வளவு பொருத்தமான ஜோடியாக இருந்தார்கள் என்பது இந்த வடிவியலைப் பார்த்தால் புரியும். இந்த ஆட்டத்தின் பலவீனம், இழுப்பு மிகச் சரியாக அமைய வேண்டும் என்பது. அரை அடி தப்பினால் ஷூட்டரின் காலில் விழும். துள்ளிக்கொண்டு வரும் பக்கை ஒன்-டைமர் அடிக்க முயன்றால் காற்றில்தான் ஸ்டிக் வீசும். அப்படி வந்தால் ஒருமுறை தொட்டு அடக்கிவிட்டு அடிப்பதே மேல்.

ஒரே ஆட்டத்தை மூன்று முறை காட்டிவிட்டால் தற்காப்பு அணி கற்றுக்கொள்ளும். அதன் உட்பக்க விங்கர் பக் விழும் முன்பே பாயிண்டை நோக்கிச் சாய்ந்து நிற்க ஆரம்பிப்பார். அப்போதுதான் சென்டர் பக்கை முன்னால் தள்ளிவிட்டு எதிராளியைச் சுற்றி ஓடும் ஆட்டம் எடுபடும். சுவர்ப்பக்க விங்கர் பாயிண்டுக்கு ஏறி, டிஃபென்ஸ்மேன் ஒருவர் மறுபக்கக் கோல் கம்பத்துக்கு நழுவும் ஆள்மாற்றமும் இதே வகை. பாயிண்டைப் பார்த்து ஓடும் விங்கருக்குத் தன் முதுகுப்பக்கம் யார் போகிறார் என்று தெரியாது.

காலடியில் சிக்கிய பக்

அதிகம் நடப்பது இதுதான், அதிகம் பயிற்சி செய்யப்படாததும் இதுதான்.

இரண்டு சென்டர்களும் சமபலம் என்றால், ஜெயிக்க முயலாமல் சிக்க வைப்பதே திட்டமாக இருக்கலாம். நம் சென்டர் எதிராளியின் ஸ்டிக்கை அழுத்திப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, பக்குக்கும் அவருக்கும் நடுவே தன் உடலைக் கொண்டுவருகிறார். பக் காலுக்கடியில் கிடக்கிறது. அதை ஸ்கேட்டால் பின்னால் தள்ளலாம். கையால் தொடக் கூடாது, ஃபேஸ்ஆஃபில் நிற்பவர் பக்கைக் கையால் ஆடினால் தண்டனை. இப்போது உட்பக்க விங்கர் பாய்ந்து வந்து எடுக்க வேண்டும். அவர் புறப்படும் நேரம்தான் சிக்கல். பக் லைன்ஸ்மேனின் கையை விட்டு விழும் முன்பு கோட்டைத் தாண்டினால், குற்றம் அவருடையது, அந்த ஃபேஸ்ஆஃபிலிருந்து வெளியேற்றப்படுவது சென்டர். அதே ஃபேஸ்ஆஃபில் அணி மறுபடியும் தவறினால் 2 நிமிடத் தண்டனை. ஆகவே எந்தத் தாக்குதல் ஐவரிலும் ஃபேஸ்ஆஃப் எடுக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் வேறு கைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு வட்டங்களுக்கும் ஏற்ற ஆள் கிடைப்பார்.

இதில் ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு. களைத்துப்போன அணிகள் ஐசிங்குக்குப் பிறகு வேண்டுமென்றே தவறு செய்து, சென்டரை மாற்றும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. 2014-15 முதல் அந்த வழி அடைபட்டது. ஐசிங் செய்த அணியின் சென்டர் தவறினால் எச்சரிக்கை மட்டும், அவரே நிற்க வேண்டும். இரண்டாவது தவறுக்குத் தண்டனை.

இழுபறியில் இரண்டு விங்கர்களும் கோலை நோக்கி ஓடிவிடுவது அடிக்கடி காணும் அபத்தம். பக் வட்டத்துக்குள் அநாதையாகக் கிடக்கும், எதிரணி விங்கர் நிதானமாக வந்து எடுத்துக்கொண்டு போவார். ஒருவர் கோலுக்கு, ஒருவர் பக்குக்கு. இதை முன்பே பேசி வைக்க வேண்டும், பக் விழுந்த பிறகு முடிவெடுக்க அவகாசமில்லை.

எதிரணியிடம் போன பக்

சுத்தமாகத் தோற்றால் பக் பெரும்பாலும் மூலைக்கோ கோலின் பின்னாலோ போகும். அதை எடுக்கும் தற்காப்பு டிஃபென்ஸ்மேனுக்கு முதுகு நம் பக்கம், அவருக்கு அடுத்த இரண்டு விநாடிகள் கடினமானவை. சுவர்ப்பக்க விங்கர் அந்த ஆளை நேராக நெருக்க வேண்டும். உட்பக்க விங்கர் கோலின் பின்புறம் மறுபக்கமாகப் போகும் பாதையை அடைக்க வேண்டும். சென்டர் துரத்தாமல் மேலே, ஸ்லாட்டின் (கோலுக்கு நேர் முன்னாலுள்ள பகுதி) உச்சியில் நிற்க வேண்டும். சென்டர் அங்கே நிற்பதால்தான் சுவர்ப்பக்கப் பாயிண்ட் ஆள் துணிந்து சுவரோரம் இறங்கி, சுவரைச் சுற்றி வரும் பக்கை மறிக்க முடியும். தோற்ற கோபத்தில் சென்டரும் மூலைக்குப் பாய்ந்துவிட்டால், மூன்று பேர் ஒரே மூலையில் சிக்க, ஒரு பாஸில் எதிரணி மூன்று பேர் இரண்டு டிஃபென்ஸ்மேன்களை நோக்கிப் பாய்வார்கள்.

பவர் பிளேயில் தோல்வியின் விலை அதிகம். ஆள் குறைந்த அணி ஐசிங் பயமின்றிப் பக்கை ரிங்கின் மறுமுனைக்கு அடிக்கலாம். அதைப் போய் எடுத்து, மீண்டும் நுழைந்து, அமைப்பாக நிற்பதற்குள் 120 விநாடிகளில் 20 விநாடி வரை கரைந்துவிடும். ஆனால் அங்கே தற்காக்க நான்கு பேர்தான். வட்டத்தைச் சுற்றி ஏதாவது ஒரு பக்கம் நமக்கு ஓர் ஆள் கூடுதல். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, இழுபறி பக்கை அந்தப் பக்கம் தள்ளும்படி சென்டரிடம் சொல்ல வேண்டும்.

கடைசி நிமிடம்

ஒரு கோல் பின்தங்கி, கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறு பேர் ஐவரை எதிர்க்கும் ஃபேஸ்ஆஃபில், கூடுதல் ஆளை எங்கே நிறுத்துவது என்பதில் பயிற்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. கோல் முன்னால் இருவரை நிறுத்துவது பார்க்கப் பயமுறுத்தும். ஆனால் பக் கிடைத்த பிறகுதான் அவர்களுக்கு வேலை. கூடுதல் ஆளை வட்டத்தின் விளிம்பில், இழுபறி பக்கை எடுக்கும் இடத்தில் நிறுத்துவதே எங்கள் பரிந்துரை. முதலில் பக் வேண்டும். எதிரணியில் ஐவரும் இருப்பதால், அவர்கள் தங்கள் பகுதியிலிருந்து காலி கோலுக்குக் குறிவைத்துத் தவறினால் அது ஐசிங், ஃபேஸ்ஆஃப் மீண்டும் இங்கேயே வரும், அதே களைத்த ஐவருக்கு எதிராக. இந்தக் காரணத்தால் கட்டுப்பாடான அணிகள் நீளமாக அடிக்கத் தயங்கும், நமக்கு நெருக்க நேரம் கிடைக்கும்.

கடிகாரத்தில் 2 விநாடிக்குக் கீழே இருந்தால் பாயிண்ட் ஆட்டம் பயனற்றது. இழுப்பு, நகர்வு, ஷாட் மூன்றும் அதற்குள் முடியாது. சென்டர் நேராக அடிப்பதும், பின்னால் நிற்பவரின் ஒன்-டைமரும் மட்டுமே மிச்சம். 5 விநாடி இருந்தால் பாயிண்ட் ஷாட்டுக்கும் ஒரு தெறிப்புக்கும் நேரம் உண்டு.

இவற்றைப் பயிற்சி செய்யும்போது சென்டர் எத்தனை ஜெயித்தார் என்று எண்ணுவதை விட்டுவிடலாம். ஐவருக்கு ஐவர், ஒவ்வொரு ஃபேஸ்ஆஃபுக்கும் 10 விநாடி, பிறகு விசில். அந்த 10 விநாடியில் கோலை நோக்கி ஷாட் போனதா, பக் பகுதிக்குள்ளேயே இருந்ததா, வெளியேறிவிட்டதா என்று மூன்று பத்திகளில் குறித்தால் எந்த ஐவர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். 55 சதவீதம் ஜெயித்தும் ஷாட் வராத ஐவரிடம் கோளாறு பெரும்பாலும் விங்கர்களின் முதல் அடியில் இருக்கும்.